ஒரு தரம், ரெண்டு தரம், போச்சு 2,400

ஒரு செம்புக் காசுக்கு 2,400 ரூபாய் கட்டியிருக்கிறேன். வெள்ளிகூட இல்லை, செம்பு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த சேது காசு. உட்கார்ந்திருக்கும் காளை, கூடவே தமிழில் ‘சேது’ என்ற எழுத்து. பாம்பனில் பிறந்தவனுக்கு அதன்மேல் ஆசை வராமல் இருக்குமா? ஆசைப்பட்டது தப்பில்லை. அதை ஆன்லைன் ஏலத்தில் போய்த் தீர்த்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் கிறுக்குத்தனம்.

ஆரம்ப விலை வெறும் 100 ரூபாய். தூண்டிலில் இரை கோத்துவிட்டார்கள், நான் கவ்விவிட்டேன். 600க்கு மேல் ஒரு ரூபாய் போகக்கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நாலு நாளாக நான்தான் முன்னால். பச்சை எழுத்தில் அதைப் பார்த்துப் பார்த்து, காசு ஏற்கெனவே என் அலமாரிக்கு வந்துவிட்ட நினைப்பு. கடைசி நாள் ராத்திரி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது சிவப்பு எழுத்து: ‘உங்களை ஒருவர் முந்திவிட்டார்.’ எவனோ வீடு புகுந்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி கோபம் வந்தது. நான் 650. அவன் 700. கடைசி நிமிடத்தில் யாராவது விலையை ஏற்றினால் இன்னும் இரண்டு நிமிடம் நீட்டுவார்களாம். நீட்டினார்கள், நீட்டினார்கள், பதினொரு முறை நீட்டினார்கள். ஆயிரத்தைத் தாண்டியபோது சேது காசு ஞாபகத்திலேயே இல்லை. அவனை விடக்கூடாது, அவ்வளவுதான். 1,850இல் அவன் ஓய்ந்தான். திரையில் பட்டாசு வெடித்து வாழ்த்துச் சொன்னார்கள். அதற்குமேல் 20 சதவீதம் கமிஷன், கமிஷனுக்கு வரி, கூரியர்.

மறுநாள் இன்னொரு வியாபாரியிடம் அதே ரகக் காசு 700 ரூபாய்க்கு இருந்தது. ஏலமே இல்லாமல்! வயிறு எரிந்தது.

நான் ஒருத்தன்தான் இப்படி என்றில்லை. லீ, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஈபே என்ற ஆன்லைன் ஏலத் தளத்தில் ஒரு பலகை விளையாட்டின் ஏலங்களைக் கணக்கெடுத்து 2011இல் எழுதினார்கள். அதே பொருள் அங்கேயே நிர்ணய விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அப்படியும் 42 சதவீத ஏலங்கள் அந்த விலையைத் தாண்டித்தான் முடிந்தன. இத்தனைக்கும் தாண்டிக் கேட்டவர்கள் 17 சதவீதம் பேர்தான். புத்தியோடு கேட்பவன் பாதியில் விலகிவிடுவான். தலை சூடான ஒருத்தன் போதும், பொருள் அவன் தலையில்தான் விழும்.

எனக்கு ஆத்திரமெல்லாம், ஏலம் பார்த்தே வளர்ந்தவன் நான் என்பதில்தான். சித்தப்பா கரையில் மீன் ஏலம் எடுக்கும் வியாபாரி. மதுரையில் என்ன விலை போகும், ஐஸ் எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, எல்லாம் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். சீலாவின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு மங்கியிருந்தால் அவர் கணக்கில் விலை அப்போதே இறங்கிவிடும். அதைத் தாண்டி எவன் கேட்டாலும் அடுத்த கூறுக்கு நகர்ந்துவிடுவார். ‘கேட்டுட்டுப் போறான், நாளைக்கும் கடல்ல மீன் இருக்கும்.’ கரையிலும் தில்லுமுல்லு உண்டுதான். நாலு வியாபாரிகள் பேசிவைத்து விலையை அமுக்கி, கடலுக்குப் போனவன் வயிற்றில் அடிப்பார்கள். ஆன்லைன் ஏலத்தில் அதுவே தலைகீழ்: விற்பவனே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றிவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்?

கூரியர் வந்த அன்று சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலையைச் சொன்னேன், திட்டவில்லை.

“எதிர்த்துக் கேட்டவன் யாருடா?”

“தெரியாது சித்தப்பா. பேரை மறைச்சு ‘ர’ போட்டு மூணு நட்சத்திரம் இருந்துச்சு.”

“ஆளே தெரியாம ஏலத்துல நின்னியா?” என்று காசை என் கையில் திணித்துவிட்டு ஐஸ் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.