செடி உங்களுது, செவுரு என்னுதுங்க

பக்கத்து வீட்டுக்காரர் என் செவுத்துல ஏத்திவிட்ட கொடியை பிச்சு எடுத்துட்டாங்க எங்க குடியிருப்பு அசோசியேஷன்காரங்க. முழுசா. சொல்லாம கொள்ளாம ரெண்டு பேரை மொட்டைமாடிக்கு அனுப்பி, அவங்க கொடியை கையில சுத்திப் பிடிச்சு ஒரே இழுப்பு, பாய் உருவுற மாதிரி மேலருந்து கீழ வரைக்கும் வந்துடுச்சு, கூடவே செங்கல் இடுக்குல அடைச்சிருந்த பாயிண்டிங் சிமெண்டும் வந்துடுச்சு, செங்கல்லோட சுட்ட மேல்தோலும் பொரிஞ்சு வந்துடுச்சு. அசோசியேஷன்ல கேட்டா "நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க"ங்கறாங்க. நான் எடுக்கச் சொன்னேன், உரிக்கச் சொன்னனா?

கோயமுத்தூர்ல இந்த மாதிரி பூசாத செங்கல் வீட்டுல இருக்கறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்ல. பூச்சு இல்லாத செவுத்துக்கு பாயிண்டிங்தான் உசுரு. அது போச்சுன்னா ஐப்பசி மழை நேரா உள்ளதான். பெட்ரூம் செவுத்துல ஏற்கனவே ஓதம் ஏறி உப்பு பூத்துக் கிடக்கு, பீரோவை தள்ளி வச்சும் துணியெல்லாம் ஒரே பூஞ்சை வாடை.

என் பக்கவாட்டு செவுரு பக்கத்து வீட்டு சாரோட தோட்டத்தை பாத்து இருக்கு. அவருக்கு அது வெறும் செவுரா தெரிஞ்சிருக்கு, பச்சையா இருந்தா கண்ணுக்கு குளிர்ச்சின்னு நர்சரில ஃபைகஸ் ப்யூமிலாங்கற ஒட்டி ஏறுற கொடியை வாங்கி என் செவுத்தோட அடியில நட்டுட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சின்னச் சின்ன இலையா ஒட்டிக்கிட்டு பாக்க அழகாத்தான் இருக்கும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அது அத்தி, ஆல் குடும்பத்துச் செடிங்க. அதோட வேர்லருந்து ரப்பர் மாதிரி ஒட்டுற பசை சொட்டுதுன்னு டார்வின் 19ஆம் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்காரு. கத்தரிக்காம விட்டா மேல போகப் போக கிளை மரமா தடிச்சு, இலை பெருசாகி, செவுத்தை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு காயே காய்க்கும். அவர் கைக்கு எட்டுற வரைக்கும் டிரிம் பண்ணுவாரு, அதுக்கு மேல இருக்கறது யாரோட பொறுப்பு? மழைத்தண்ணி குழாய்க்குள்ள பூந்து அடைச்சது, மாடியில தண்ணி கட்டிச்சு, எலி அதைப் பிடிச்சு ஏறி ஜன்னல் வழியா வந்துச்சு, எல்லாம் என் பொறுப்பு.

மீட்டிங்ல சொன்னா சார் ஃபோனை எடுத்து நீட்டறாரு. ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டியே கொடி செவுத்தை பாதுகாக்குதுன்னு சொல்லியிருக்காம். சொன்னது நிஜம்தான், நானும் படிச்சேன். அது இங்கிலாந்துல பழைய கட்டடத்துல படர்ற ஐவிங்கற கொடிங்க, இந்தச் செடியே இல்ல. அந்த ஆராய்ச்சியே செவுத்துல வெடிப்பு, ஓட்டை இருந்தா வேர் உள்ள போய் கெடுத்துடும்னும் சேர்த்துத்தான் சொல்லுது, அதை ஏன் படிக்கல? என் செவுத்துல மயிரிழை வெடிப்பு இருக்குன்னு அதே மீட்டிங்ல ஃபோட்டோவோட காட்டினேன்ல?

அது முடிஞ்சதும் அடுத்தது எடுத்தாரு பாருங்க, அங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது. "பாரி முல்லைக்கு தேரையே குடுத்தாரு, நீங்க ஒரு செவுத்துக்கு இவ்வளவு பேசறீங்களே"ன்னு. சுத்தி இருந்தவங்க கை தட்டறாங்க! ஏங்க, பாரி குடுத்தது அவரோட சொந்தத் தேருங்க. பக்கத்து வீட்டுக்காரன் தேரை அவுத்துக் குடுக்கல. அந்த முல்லைக்கு வேண்டியிருந்தது என்ன, பத்திப் படர ஒரு கொழுகொம்பு. அதைத்தானே குடுத்தாரு. அதைத்தான் நானும் கேக்கறேன்! செவுத்தை விட்டு தள்ளி உங்க தோட்டத்துல ரெண்டு கம்பி நட்டு வலை கட்டுங்க, முல்லை விடுங்க, சங்குப்பூ விடுங்க, ரங்கூன் மல்லி விடுங்க, எல்லாம் கம்பியச் சுத்தி ஏறும், செவுத்துல வேர் விடாது, எனக்கும் வாசம் வரும். செலவுல பாதி நான் தர்றேன்னு கூட சொன்னேன். எவனும் மினிட்ஸ்ல எழுதல.

எழுதினது ஒண்ணே ஒண்ணு, "கொடி அகற்றப்படும்". எப்படி அகற்றணும்னு நான் செக்ரட்டரிகிட்ட நின்னு நிதானமா சொன்னேன். அடியில தண்டை வெட்டி விடுங்க, தொடாதீங்க, வாரக்கணக்குல காயட்டும், இலை உதிர்ந்து கொடி செத்தப்புறம் சாரம் கட்டி கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுங்க, ஒட்டியிருக்கற வேரை பிரஷ் வச்சு தேய்ங்க, ஆசிட் மட்டும் ஊத்தாதீங்கன்னு. தலைய ஆட்டினாரு. காலையில பால் வாங்க கதவைத் திறக்கறேன், மேலருந்து செங்கல் தூள் கொட்டுது. இழுத்த பசங்களை குத்தம் சொல்ல மனசு வரல, அவங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லவே இல்ல, "மதியத்துக்குள்ள முடி"ன்னு மட்டும் சொல்லி அனுப்பியிருக்காங்க.

இப்ப கொத்தனார் வந்து பாத்துட்டு, பழைய பாயிண்டிங்க சுரண்டி எடுத்துட்டு மொத்தமா புதுசா போடணும்ங்கறாரு, சாரம் கட்டற கூலி தனி. சங்கத்துல கேட்டா அது உங்க சொந்த செவுரு சார், சங்கம் தராதுங்கறாங்க. கொடி ஏறும்போது அது எல்லாருக்கும் பொதுவான பசுமை, செவுரு பொரிஞ்சா மட்டும் என் சொந்தம். எந்த ஊரு நியாயம்ங்க இது? இதுல அடித்தண்டை வேற வெட்டாம விட்டுட்டுப் போயிருக்காங்க, அடுத்த மழைக்கு திரும்ப துளிர்த்து ஏறும்.

இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே பி பிளாக் டேங்க் நிரம்பி வழியற சத்தம் கேக்குது. மோட்டாரை போட்டவங்க தூங்கப் போயிட்டாங்க. சிறுவாணித் தண்ணிங்க அது, சிறுவாணி! டேங்க்ல ஒரு சென்சார் வைங்கன்னு எத்தன வருஷமா கத்தறேன், கேட்டுக்கு எல்ஈடி போட காசு இருக்கு, இதுக்கு இல்லையாம். இருங்க, போய் ஆஃப் பண்ணிட்டு வந்து மீதிய எழுதறேன்.