ஏரிக்குக் கொஞ்சம் சேறும் வேண்டும்

சேலத்தில் எந்த ஏரியைச் சீரமைத்தாலும் முதலில் வருவது நாலு பக்கமும் கல் பதித்த கரை. அப்புறம் நடைபாதை, கம்பி வேலி, விளக்கு. நடக்கிறவர்களுக்கு வசதிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசியில் வந்து பங்குனி வரை இங்கே தங்கும் வலசைப் பறவைகளுக்கு அந்தக் கல் கரையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவை தேடி வருவது சேற்றை.

தண்ணீர் வடிந்த ஓரத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். பொரி உள்ளான் வரும். பழுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, ஒல்லியான கால். கணுக்கால் நனையும் தண்ணீரில் இரண்டடி எடுத்து வைக்கும், சேற்றில் அலகை விடும், புழுவையோ பூச்சியையோ எடுக்கும், மறுபடி இரண்டடி. வடக்கே சைபீரியா வரைக்கும் உள்ள சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிற பறவை இது. சாதாரண உள்ளான் கல் கரையிலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பொரி உள்ளானால் முடியாது. அது நிற்கவே இடம் இருக்காது.

வாத்துகளும் அப்படித்தான். தட்டைவாயனுக்கு அலகு முன்பக்கம் அகன்று, ஓரமெல்லாம் மெல்லிய பற்கள் வரிசையாக இருக்கும். தலையைத் தண்ணீரில் தாழ்த்தி நீந்திக்கொண்டே சின்னச் சின்ன உயிர்களை வடிகட்டி எடுக்கும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு அடியில் மேயும். இவை எதுவும் இரைக்காக முக்குளிப்பதில்லை. கழுத்து எட்டுகிற ஆழம்தான் இவற்றுக்குச் சாப்பாடு. ஓரத்திலேயே ஆளுயரத் தண்ணீர் நின்றால் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும், மற்றவை மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு இடம் பார்த்துப் போய்விடும். நீர்க்காகக் கூட்டத்தைப் படம் எடுத்துப் போட்டு, "சீரமைத்த பிறகு பறவைகள் நிறைய வருகின்றன" என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வராமல் போனவை படத்தில் விழுவதில்லையே.

நம் பழைய ஏரிகளின் அமைப்பைக் கவனியுங்கள். தாழ்வான பக்கத்தில் மட்டும்தான் உயர்ந்த கரை, மதகு, ஆழம். எதிர்ப்பக்கம், அதாவது நீர் வரும் பக்கம், மெல்லச் சரிந்து வயலோடு போய்ச் சேரும். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த தண்ணீர் தை, மாசியில் இறங்க இறங்க, அந்தச் சரிவில் நாளுக்கு நாள் புதுச் சேறு வெளியே தெரியும். வலசைப் பறவைகளுக்கு மாதக்கணக்கில் தீனி கொடுப்பது அந்தச் சரிவுதான். நாலு புறமும் செங்குத்தாகக் கட்டினால் ஏரி தொட்டியாகிவிடும். அதனால் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்: கரைப்பக்கம் நடைபாதை போடுங்கள், கல் பதியுங்கள், விளக்கும் வையுங்கள். நீர் வரும் பக்கத்தைத் தொடாமல் விடுங்கள்.

மூக்கனேரியில் 2010 வாக்கில் ஊர் மக்கள் சேர்ந்து வேலை செய்தபோது, தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். கொக்கும் நாரையும் தங்க இடம் கிடைத்தது. மண்ணை மண்ணாகவே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஊருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. சேலத்தின் குடிநீருக்காக 1911இல் உருவான பனமரத்துப்பட்டி ஏரி பல வருஷம் வறண்டு சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அங்கே எந்த வேலை நடந்தாலும் இந்தச் சரிவைக் காப்பாற்றச் சொல்லி நாம்தான் குரல் கொடுக்க வேண்டும். (மேட்டூர் அணையின் நீர்மட்டம் இறங்கியதும் பண்ணவாடியில் தண்ணீரில் மூழ்கிய பழைய கோயிலின் நந்தி தெரிகிறது என்று கூட்டம் போகிறதல்லவா, போகிறவர்கள் கீழே ஈரக்கரையையும் ஒரு பார்வை பாருங்கள்.)

கொசு வரும், பாம்பு வரும் என்பார்கள். கொசுவுக்குக் காரணம் ஏரியில் கலக்கும் சாக்கடை. அதை நிறுத்தாமல் கரைக்குக் கல் பதித்தால் கொசு போகாது.

ஏற்காட்டிலும் இதே கதைதான், அங்கே சேற்றுக்குப் பதில் சருகு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்று மலை முழுக்க நிழல் மரங்களுக்கு அடியில் நிற்கிறது. பலாவும் அத்தியும் நிற்கிற பழைய தோட்டங்களில் கீழே சருகு மெத்தென்று கிடக்கும். ஆறுமணிக்குருவி குளிர்காலத்தைக் கழிப்பது அங்கேதான். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண் வழியாகக் கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் சருகைப் புரட்டும் சத்தம் கேட்டால்தான் இருப்பதே தெரியும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு இரவில் பறந்து வருகிற பறவை. கிழக்காசியாவிலிருந்து வரும் கொடிக்கால் வாலாட்டியும் அதே தரையில்தான் மேயும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். களைக்கொல்லி அடித்து, சருகைக் கூட்டி எரித்து, விடுதிக்காகப் புல்தரை போட்டுவிட்டால் இரண்டுக்கும் அங்கே இரை கிடையாது.

புரட்டாசி, ஐப்பசியில் பறந்து களைத்த ஆறுமணிக்குருவி வீட்டு வாசலில் விழுந்து கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டுவிடுங்கள். தெளிந்ததும் நாய், பூனை இல்லாத புதர்ப் பக்கம் திறந்துவிடுங்கள். தெளியவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிஷம் ஒரே இடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு (eBird) செயலியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு ஓர் ஏரிக்குக் கல் கரைத் திட்டம் வரும்போது, இங்கே என்னென்ன பறவை வந்தது என்று காட்ட நம்மிடம் பதிவு இருந்தால்தான் பேச்சு எடுபடும். சேலத்து நண்பர்கள் இந்தப் பொங்கலுக்கு உங்கள் ஏரியின் நீர் வரும் பக்கம் போய் நின்று எண்ணுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எந்த ஏரிக்கு யார் போகிறீர்கள் என்று கீழே எழுதினால், ஆள் இல்லாத ஏரிக்கு நான் போகிறேன்.