மாடு மேய்க்கிற வாத்தியார்

"சார் வளர்த்த மாடுகள் கண்ணீர் விட்டு அழுதன, மூன்று நாளாகப் புல்லைத் தொடவில்லை" என்று எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே ஒரு காளையின் படம். யாருடைய காளையோ தெரியாது, சாருடையது இல்லை.

சார் இறந்த அன்றைக்கு நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். எந்த மாடும் அழவில்லை. சாயங்காலம் நாலரை இருக்கும். ஒப்பாரிக்கு நடுவிலிருந்து சார் வீட்டு அம்மா எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் போனார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு வேற யாராச்சும் பார்க்கட்டுமுங்க" என்று யாரோ தடுத்தார்கள். "மாட்டுக்கு என்னங்க தெரியும்? தண்ணி காட்டோணுமல்ல" என்றார். தொட்டி நிறைந்தது. மாடுகள் வந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வழக்கம்போல வாலை வீசிக்கொண்டு நின்றன.

சார் உயிரோடு இருந்து அந்தச் செய்தியைப் படித்திருந்தால் சிரித்திருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆளுக்கொரு பக்கம் அவரைத் தெய்வமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு அவர் "ஏழைப் பிள்ளைகளை ஏற்றிவிட்ட ஏணி". இன்னொரு கூட்டத்துக்கு "நாட்டு மாட்டைக் காத்த காவலர்". எனக்குத் தெரிந்த மனிதர் இந்த இரண்டு சுவரொட்டியிலும் இல்லை.

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட கிராமம் எங்களுடையது. மேட்டு நிலம், மழை குறைந்த பூமி. சார் நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியலும் கணக்கும் எடுத்தார். வீட்டில் பத்துப் பன்னிரண்டு காங்கேயம் மாடுகள், அவை மேயக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். காலையில் பால் கறந்து, சாணி வழித்து, குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவார். குளித்தாலும் ஒரு வாசனை இருக்கும். பின்னால் "மாட்டுக்கார வாத்தியார்" என்போம். அவருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் ஒரு திட்டு வாங்கியிருப்போம். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு." எங்கள் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். ஒரு முறை ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் வராமல் நின்ற ஒருவனைப் பார்த்து அப்படிச் சொன்னபோது, நம்ம சார் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். நின்றார். உள்ளே எட்டிப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "இவனை என்ற மாட்டுக்கு உட மாட்டனுங்க சார். வகுத்தலே வரலைங்கறீங்க. மாட்டை எப்படி மேய்ப்பான்?" என்றார்.

வகுப்பே சிரித்தது. அந்த ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிட்டார். ஆனால் சார் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்பது அடுத்த வருடம் அவர் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கொறங்காடு என்றால் என்னவென்று ஊர்ப்பக்கம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதைத் தரிசு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். நாலைந்து ஏக்கரைச் சுற்றி உயிர்வேலியாகக் கிளுவை. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல மரம். மரம் நிழலுக்கு, கோடையில் புல் காய்ந்தபின் அதன் காய் தீனிக்கு. ஒரு காட்டை மேய்த்து முடித்ததும் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றி, மேய்ந்த காட்டை மூடிவிட வேண்டும். மழை பெய்து புல் தழைந்து, கதிர் வந்து விதை கொட்டும்வரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு மழைக்கே மாட்டை விட்டால் அடுத்த வருடம் மண்தான் மேய வேண்டும்.

சார் இதை அப்படியே கரும்பலகைக்குக் கொண்டுவருவார். மூன்று காடு, எட்டு மாடு, ஒரு கன்றுக்கு அரை மாட்டுக் கணக்கு, இத்தனை நாளில் மழை என்று வைத்துக்கொண்டால் எந்தக் காட்டை எப்போது மூடலாம்? புத்தகத்தில் இருந்த "ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பினால்" கணக்கு எங்களில் பாதிப் பேருக்கு மண்டையில் ஏறவில்லை. இது ஏறியது. ஏனென்றால் விடை தப்பாக வந்தால் மாடு பட்டினி. அந்த வகுத்தல் வராத பையன் (அவன் அப்பா பண்ணையத்தில் இருந்தவர்) இந்தக் கணக்கில் எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டான்.

சனிக்கிழமைகளில் கட்டுத்தரையில் வகுப்பு. பல்லைப் பார்க்கச் சொல்லித் தருவார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, வெறும் ஈறுதான். கீழே எட்டு. பால் பல் விழுந்து இரண்டு பல் போட்டால் ஏறக்குறைய இரண்டு வயது தாண்டியது. பிறகு நாலு, ஆறு, எட்டு. எட்டும் முளைத்துச் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் தேய்மானத்தை வைத்துத்தான் வயதைச் சொல்ல முடியும். ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறுகையின் கட்டைவிரலைக் கடைவாயோரம், பல் இல்லாத இடத்தில் கொடுத்தால் மாடு வாயைத் திறந்துவிடும். அந்த இடைவெளி எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரிய வேண்டும். என் கை முழங்கை வரைக்கும் எச்சிலாகி, நான் முகம் சுளித்ததற்கு அவர் சொன்னது: "புஸ்தகத்துல எச்சி இருக்காது கண்ணு."

அதைவிட எனக்கு மறக்காதது கன்றுக் கணக்கு. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். மாதங்கள் போகப்போக அந்தச் சிவப்பு கலைந்து மயிலை (சாம்பல் கலந்த வெளுப்பு) ஏறும். கிடாரி வெளுத்தே நிற்கும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்துக்கொண்டு வரும். காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு இறங்கிவிடும். பிறந்து ஒரு வாரமான ஒரு கன்றை எங்கள் நாலு பேருக்கு ஒதுக்கி, வாராவாரம் எந்த இடத்தில் எந்த நிறம் என்று நோட்டில் எழுதச் சொன்னார். காது நுனி, முழங்கால், வால் குஞ்சம் என்று தனித்தனிப் பத்தி. ஐந்து மாதம் எழுதினோம். முடிவில் நான் கேட்டேன்: "ஏனுங் சார் நிறம் மாறுது?"

"எனக்குத் தெரியாது. நம்ம புஸ்தகத்துலயும் இல்லை. நீ எழுதினது சரியா இருந்தா, தெரிஞ்ச ஒருத்தன் வந்து பார்க்கும்போது உதவும்."

எனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் வாத்தியார் அவர்தான். அதற்குப் பிறகு கல்லூரியிலும் இரண்டு பேரைத்தான் பார்த்தேன்.

குறையில்லாத மனிதரா? இல்லவே இல்லை. கோபம் வந்தால் கிளுவைக் குச்சி பேசும், இன்றைக்கு இருந்தால் வேலை போயிருக்கும். மாடு கன்று போடும் நாளில் வகுப்பு அவ்வளவுதான், நாங்களே பாடத்தை மாற்றி மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் இதற்காகவே அவரை எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினார். திட்டியதில் நியாயம் இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்புறம் சுழி, மாட்டின் உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி பார்ப்பது. அறிவியல் எடுக்கிற மனிதர், கண்ணபுரம் தேர்ச் சந்தையில் மாடு வாங்கப் போனால் முதலில் சுழிதான் பார்ப்பார். "நீங்களே நம்பறீங்களா?" என்று வளர்ந்த பிறகு ஒரு முறை வம்புக்கு இழுத்தேன். "நான் நம்பலை. நாளைக்கு எங்கிட்ட வாங்கறவன் நம்புவானே" என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முழு உண்மை இல்லை. முதுகில் பிடிக்காத சுழி இருந்த ஒரு மாட்டை அவர் கையால் தொடக்கூட இல்லை. அதையும் பார்த்தேன்.

2017 தை மாதம் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது எல்லோரும் முகநூலில் காங்கேயம் காளையைப் படமாக வைத்தோமே, நானும்தான் வைத்தேன். பெருமையாக அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல காளை. இதோட ஆத்தா எங்கே?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. காளைக்குக் கூட்டம் கூடுகிறது, ஒரு நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் கறக்கிற பசுவை வைத்துத் தீனி போட எவன் இருக்கிறான் என்பது அவர் கேள்வி. இந்த மாடே உழவுக்கும் வண்டிக்கும் கவலை இறைப்பதற்கும் (கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பது) வளர்த்தெடுத்த மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் போன்றவர்கள் தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதும் அந்த உழைப்புக்காகத்தான். மோட்டார் வந்து கவலையை நிறுத்தியது, டிராக்டர் வந்து ஏரை நிறுத்தியது. பாலுக்குக் கலப்பின மாடு வந்தது. எருதுக்கு வேலை போனால் காளைக் கன்றுக்கு விலை இல்லாமல் போகும், கன்றுக்கு விலை இல்லாவிட்டால் பசுவை யார் வைத்திருப்பார்? தான் விற்ற கன்றுகள் எல்லாம் ஏர் பூட்டத்தான் போயின என்று அவர் பொய் சொன்னதில்லை. "பாதி கேரளாவுக்குக் கறிக்குத்தான் போயிருக்கும்" என்பார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதனால் "காவலர்" என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது. இருந்த மாட்டுக்குத் தீனி போட்டார், அவ்வளவுதான். நஷ்டத்துக்குத்தான் வளர்த்தார், அந்த நஷ்டத்தை வாத்தியார் சம்பளம் தாங்கியது. இதை மறைத்துவிட்டு "வேலையை விட்டுவிட்டு நாட்டு மாடு வளர்த்து லட்சம் சம்பாதிக்கலாம்" என்று காணொளி போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அந்தத் திட்டு மட்டும் இன்னும் சாகவில்லை. போன மாதம் என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒரு அப்பா தன் பையனைக் காட்டி, "இவன் மாடு மேய்க்கத்தான் போவான் மிஸ்" என்றார். சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சார் அளவுக்கு எனக்குச் சட்டென்று வாய் வராது.

காரியம் முடிந்து கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கட்டுத்தரையில் இருந்தார். மாடுகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் நின்றேன். ஓரமாகக் கட்டியிருந்த மயிலை ஒன்றின் தலைக்கயிற்றை அவரே என் கையில் கொடுத்தார். "சார் உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாரே. எத்தனை பல்லுன்னு பாரு."

கட்டைவிரலை விட்டேன். இடம் கிடைக்கவில்லை, மாடு தலையை உதறியது. இரண்டாவது தடவை திறந்தது.

"நாலுங்கம்மா."

"நல்லாப் பாரு சாமி."

ஆறு.