எவர்சில்வர் முயலின் ஓரச் சுருக்கம்

அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ், காற்றடைத்த பொம்மையைப் போலவே 1986இல் செய்த எவர்சில்வர் முயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதன் பளபளப்பைத்தான் சொல்கிறார்கள். டம்ளரும்தான் பளபளக்கிறது, அது அமுங்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லையே.

அந்த முயலின் ஒட்டு ஓரங்களைப் பாருங்கள். காற்றடைத்த பிளாஸ்டிக் பொம்மையில் விழும் பொடிப்பொடிச் சுருக்கங்கள் அப்படியே வார்ப்பில் வந்திருக்கின்றன. வயிறு உப்பி நிற்கிறது, ஓரம் சுருங்கி இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளே காற்று இருப்பதாகக் கண் நம்பும்.

அதனால்தான் மிகையான பஃபிங், அதாவது சுழலும் துணிச்சக்கரத்தால் மெருகேற்றுவது, இந்த வேலைக்கு எமன் என்கிறேன். துணிச்சக்கரம் மடிப்பின் முனையைத்தான் முதலில் தின்னும். முனை மழுங்கினால் சுருக்கம் வெறும் பள்ளமாகிவிடும். மடிப்புகளுக்குச் சின்ன ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) முனையும் கைவேலையும்தான் சரி. தேய்ப்புத்தாளில் நம்பர் ஏற ஏற மணல் பொடியாகும்; 120 நம்பர் போட்ட கீறல் முழுக்கப் போகாமல் 240க்குத் தாவினாலும் மாட்டிக்கொள்வோம். கடைசி மெருகில் அந்தக் கீறலும் சேர்ந்து மின்னும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்கே மாற்றினால் பழைய கீறல் தப்பாமல் தெரியும். சாதா இரும்பில் ஓட்டிய தேய்ப்பு டிஸ்க்கை எவர்சில்வரில் வைக்கவே கூடாது, பிறகு துருப்புள்ளி பூக்கும்.

சிகாகோ பூங்கா ஒன்றில் சிற்பி அனிஷ் கபூர் பாதரசத் துளி போல எவர்சில்வரில் செய்த 'கிளவுட் கேட்' இதற்கு நேர் எதிர். பாதரசத் துளிக்கு ஏது ஓரம்? 168 தகடுகளின் மூட்டுகளும் மறைந்தாக வேண்டும். எவர்சில்வர் சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக விரியும், சூட்டைக் கடத்துவதோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெல்டிங் சூடு அங்கேயே தங்கித் தகட்டை இழுத்துவிடும். விரலுக்குத் தட்டாத அந்த நெளிவு, டியூப்லைட் பிம்பத்தை மூட்டின் குறுக்கே ஓடவிட்டால் தெரிந்துவிடும்: கோடு ஒடிந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. அதை மெருகால் மறைக்க முடியாது. மறுபடி கிரைண்டிங்கிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2004இல் பூங்கா திறந்தபோது இந்த வேலை முடிந்திருக்கவில்லை. மூட்டுக்கோடுகள் வெளியே தெரிந்தன. அடுத்த ஆண்டு கூடாரம் போட்டு மூடித் தேய்த்தார்கள், முறைப்படி திறந்தது 2006இல்தான்.

சுமார் 100 டன் எடை. அதைத் தொட்டுப் பார்க்காமல் போகிறவர்கள் குறைவு. கைபட்ட இடத்தில் எண்ணெய்க்கறை படிந்தால் துளி மறைந்து தகடு தெரிந்துவிடும் என்பதால், கீழ் 6 அடியைத் தினமும் இரண்டு வேளை துடைக்கிறார்கள்.