எலி வாலும் என் எல்4-எல்5 ஜவ்வும்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 ஜவ்வு (இடுப்புப் பக்கம் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்) தேய்ந்திருக்கிறது என்று வந்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் விடிவதற்குள் பெரியப்பாவிடமிருந்து ஒரு வீடியோ. பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் செல்கள் தங்கள் குப்பையைத் தாங்களே தின்று தீர்த்துவிடுமாம், தேய்ந்த ஜவ்வு வளருமாம், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களாம்.

பரிசு நிஜம்தான். 2016-இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு, செல் தன் குப்பையைத் தானே தின்னும் இந்த வேலை, அதாவது ஆட்டோஃபேஜி பற்றிய ஆய்வுக்காகக் கொடுத்தார்கள். ஆனால் அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை!

ஜவ்வு கதையே வேறு. வளர்ந்த மனிதருடைய டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டு வழியாகக் கசிந்து வருவதுதான் அங்கிருக்கும் செல்களுக்குச் சாப்பாடு. ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை குறைவு, போதாததற்கு அமிலச் சூழல். பாவம், ஏற்கெனவே அரைப்பட்டினியில் கிடக்கிறவை அவை.

பட்டினியில் செல் தாக்குப்பிடிக்கிற வழி ஆட்டோஃபேஜி என்பதால்தான் டிஸ்க் ஆய்வாளர்களுக்கு அதன் மேல் இவ்வளவு ஆர்வம். கடந்த பதினைந்து வருடங்களில் கட்டுரைகள் குவிந்துவிட்டன, பெரும்பகுதி சீனாவிலிருந்து. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதானதை மட்டும் பொறுக்கி அகற்றும் மைட்டோஃபேஜிதான் இப்போது பரபரப்பு. வழக்கமான பரிசோதனை இது: எலி வாலில் உள்ள டிஸ்க்கில் ஊசியால் குத்திக் கெடுப்பது, ராபமைசின் மாதிரி ஒரு மருந்தைக் கொடுத்து ஆட்டோஃபேஜியைத் தூண்டுவது, சில வாரம் கழித்துப் பார்ப்பது. தேய்மானம் குறைந்திருக்கும். கட்டுரை முடிவில் 'புதிய சிகிச்சைக்கு வழிவகுக்கலாம்' என்று ஒரு வரி.

எனக்கு உறுத்துவது அந்த வரிதான். எலியின் வால் என்ன, நம் இடுப்பு மாதிரி மூட்டை சுமக்கிறதா? எலிக்கு வளர்ந்த பிறகும் டிஸ்க்கில் இருக்கும் கருக்காலத்துச் செல்கள் நமக்குச் சின்ன வயதிலேயே பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன.

அளக்கிற விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பல கட்டுரைகள், செல் தன் குப்பையைக் கட்டும் பையில் ஒட்டியிருக்கும் எல்சி3 என்ற புரதம் கூடியிருப்பதைக் காட்டி ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்கின்றன. தெருமுனையில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறதென்றால் ஜனங்கள் மும்முரமாக வீட்டைச் சுத்தம் செய்திருக்கலாம், இல்லை நாலு நாளாகக் குப்பை வண்டியே வராமலும் இருக்கலாம். தொட்டியை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும்? வண்டியை (செல்லில் அது குப்பையைச் செரிக்கும் கடைசிக் கட்டம்) நிறுத்திவைத்து, தொட்டி இன்னும் நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல ஆய்வுகள் அதைச் செய்கின்றன. செய்யாதவையும் அச்சேறுகின்றன. போதாக்குறைக்கு, ஆட்டோஃபேஜி அளவுக்கு மிஞ்சினால் டிஸ்க் செல்கள் சாகின்றன என்று சொல்லும் கட்டுரைகளும் உண்டு.

அப்புறம், தேய்மானமும் வலியும் ஒன்றல்ல. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில், இருபது வயதில் 37 சதவீதம் பேருக்கும் எண்பதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. இதைப் படித்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற பெரியப்பா அந்தப் பட்டினியைத் தானே ஆரம்பித்துவிட்டார் என்று நேற்று பெரியம்மா போனில் சொன்னார். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் பெரியப்பா என்று குழுவிலேயே எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.