ஞானிகள் இன்னும் வந்து சேரவில்லை

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில், குழந்தை இயேசுவைக் காண விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த ஞானிகளின் பொம்மைகள் இந்த ஆண்டு இல்லை. வந்த உறவுகள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள், "ராஜாக்களைக் காணோமே?" என்று. முகப்பு மாடக்குழியில் ஒட்டகத்தோடு நிற்கிறார்கள். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன்.

இயேசுவின் வாழ்வை நற்செய்தியாக எழுதிய நால்வரில் மாற்கு அவர் பிறப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. யோவான் 'வாக்கு மனிதர் ஆனார்' என்பதோடு முடித்துக்கொள்கிறார். மத்தேயுவும் லூக்காவும்தான் விரித்துச் சொல்கிறார்கள். இருவர் சொல்வதையும் நாம் ஒரே வைக்கோல் கூரைக்குள் திணித்துவிட்டோம்.

லூக்காவில் விண்மீனும் இல்லை, ஞானிகளும் இல்லை. ராக்காவல் காத்த இடையர்கள்தான் வருகிறார்கள். இடமில்லாததால் குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள் தாய். பழைய மொழிபெயர்ப்பு 'சத்திரத்திலே' இடமில்லை என்கிறது. சத்திரம் என்றால் நம் பக்கத்தில் காசியும் ராமேஸ்வரமும் நினைவுக்கு வரும். ஆனால் லூக்கா எழுதிய 'கட்டலுமா' என்ற கிரேக்கச் சொல் வீட்டில் விருந்தினர் தங்கும் அறையையும் குறிக்கும். கடைசி இராவுணவு நடந்த அறைக்கும் அவர் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். அவர் எழுதிய நல்ல சமாரியர் கதையில் காயம்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாவடிக்கு வேறு சொல். எனக்கு இது உறவு நிறைந்த வீடாகவே தெரிகிறது. என் அப்பா பிறந்ததும் அப்படித்தான். திருவிழாவுக்கு வந்தவர்களால் வீடு நிறைந்திருக்க, மாட்டுத் தொழுவை ஒட்டிய தாழ்வாரத்தில் பாய் விரித்துப் பெற்றாள் அப்பத்தா.

மத்தேயுவில் தொழுவமே கிடையாது. ஞானிகள் வருவது ஒரு வீட்டுக்கு. மூன்று பேர் என்றும் அவர் சொல்லவில்லை, அரசர்கள் என்றும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகளை வைத்து நாம்தான் மூவராக்கினோம். அவர்கள் போன பிறகு நடப்பதுதான் நம் குடிலில் இல்லாதது. கனவில் எச்சரிக்கை வருகிறது. மரியாவின் கணவர் யோசேப்பு எழுந்து, இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளை அந்தக் குழந்தையை ஒழிக்கத் தேடும் அரசன் ஏரோதின் ஆட்கள் கொல்கிறார்கள்.

1942இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்தே திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் சீமை இது. பெட்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த கதையைத் திண்ணையில் கேட்டே வளர்ந்தோம். நமக்கு இந்தப் பகுதி எப்படி மறந்துபோயிற்று? என்னால் பொறுக்க முடியவில்லை. ஏரோதை மறைத்துவிட்டு அவன் காலத்து ஞானிகளை மட்டும் ஜிகினா ஒட்டி நிறுத்துவது மத்தேயுவுக்குச் செய்யும் அநியாயம்.

கோவிலில் இதைப் பிரித்துத்தான் வாசிக்கிறார்கள். நள்ளிரவுத் திருப்பலியில் லூக்கா. டிசம்பர் 28, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். ஞானிகளுக்கு ஜனவரியில் திருக்காட்சிப் பெருவிழா. அன்றைக்குத்தான் மாடக்குழியிலிருந்து அவர்களை இறக்குவேன். மறுநாள் குடிலைப் பிரிக்கும்போது யோசேப்பு, மரியா, குழந்தை மூவரையும் பெட்டியில் போடமாட்டேன். தெருவைப் பார்த்தபடி திண்ணை ஓரத்தில் வைக்கப்போகிறேன்.