அது அப்பாவுக்குச் செய்த பாத்திரம்

நேற்று நான் போட்ட வெண்கலக் கலத்தின் படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு பழைய சாராயப் பானைக்கா இவ்வளவு உருகல்?" என்று ஒருவர் எழுத, நாற்பது பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்.

சாராயப் பானை இல்லைங்க. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த அந்தச் சதுரக் கலத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறது. 'மின்' என்ற குடும்பத்தார் 'ஜி' என்ற தந்தைக்காகச் செய்தது என்று. இறந்துபோன அப்பாவுக்குப் படைக்கிற மதுவை வைக்க, சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் களிமண் அச்சில் வார்த்த பாத்திரம். அப்பாவுக்குச் செய்தது. அதை விலைப்பட்டியலில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

கலமும் மூடியும் பிரிந்துபோயின. மூடி ஹூனானிலேயே தங்கிவிட்டது. கலத்தின் உடல் வியாபாரிகள் கைமாறிக் கடல் கடந்தது. 2001இல் நியூயார்க் ஏலத்தில் 92 லட்சம் டாலருக்குப் போனது. 2014இல் மறுபடியும் விற்பனைக்கு வந்தபோது ஹூனான்காரர்கள் சிலர் சேர்ந்து, ஏலம் தொடங்கும் முன்பே பேசி வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் பாட்டன் பொருளைத் தாங்களே காசு கொடுத்து! அதன் பிறகுதான் மூடியும் உடலும் ஒன்றாக நின்றன.

"வெளிநாட்டுக்குப் போனதால்தான் பிழைத்தது, அங்கேயே இருந்திருந்தால் உருக்கியிருப்பார்கள்" என்கிறார்கள். மூடி அங்கேயேதானே இருந்தது? யாரும் உருக்கவில்லையே. 1950களிலிருந்து அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. இதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"முதலில் விற்றது உள்ளூர்க்காரர்கள்தானே?" ஆமாம். சரி. அதனால் அது அப்பாவுக்குச் செய்த பாத்திரம் இல்லை என்று ஆகிவிடுமா?

"உனக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம்?" இந்தக் கேள்விதான் ரொம்ப வலித்தது. என் பாட்டியிடம் ஒரு பித்தளைக் கூஜா இருந்தது. தாத்தாவின் முதலெழுத்தும் பாட்டியின் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். தாத்தா திதியன்று அதில்தான் தண்ணீர் வைப்பாள். வேறு பாத்திரத்தில் வைத்தால் அவருக்குப் போய்ச் சேராது என்பாள். பாட்டி போன பிறகு பாத்திரங்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த அவசரத்தில் மூடி எங்கள் வீட்டு மூட்டையில் வந்துவிட்டது. கூஜா சித்தப்பா வீட்டுக்குப் போனது. ஒரு வருடம் கழித்துக் கேட்டால், மற்ற பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். மூடி இல்லாத கூஜாவை வைத்து என்ன செய்வது என்று கேட்டார்கள். மூடி எங்களிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு போன் செய்திருக்கலாம். எடைக்கு எடை காசு கொடுத்து நானே வாங்கியிருப்பேன். அப்போது யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்கள் மனம் கோணக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

அதனால் சம்பந்தம் என்ன என்று கேட்காதீர்கள்.

சித்தப்பா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். சண்டைக்கு எழுதவில்லை. எந்தக் கடையில் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.